கடல் தாண்டிப் பேச வந்தவர்

திருவண்ணாமலை
2.3.2025

அன்பு மகள் எழிலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்குப் பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி, எனக்கு முழங்கால் கொஞ்சம் கம்மி. மற்றபடி சுகம். அங்கே உன் உடம்பு எப்படி, வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில். ஹாஸ்டலில் இருந்து அப்பாவுக்குப் பணம் கேட்டு எழுதச் சொன்னார்கள். பணமும் வரவில்லை, மார்க்கும் வரவில்லை. இப்போது மறுபடி பேனாவைப் பிடித்திருக்கிறேன் என்றால் அது உன் அம்மாவின் தீர்ப்பு. நேற்று நீ நாகப்பட்டினத்தில் கப்பலில் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் போன் செய்தாய். நான் கத்தினேன். நீ கட் பண்ணினாய். அம்மா அழுதாள். பிறகு என் போனைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துவிட்டு, “இனிமே அப்பனும் பொண்ணும் வாயால ஒண்ணும் கிழிக்க வேணாம். எழுதிக்கோங்க. நான் போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்புறேன்” என்றாள். எழுதினால் கத்த முடியாதாம். முடியும் என்று காட்டத்தான் இப்படி அழுத்தி எழுதுகிறேன்.

சென்னைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. வேலைக்கு மூன்று மாதம் லீவாம். இலங்கையில் வாடகைக்கு பைக் எடுத்துத் தனியாகத் தீவையே சுற்றி வருவாயாம். இருட்டினால் டென்ட் அடித்துத் தூங்குவாயாம். என் பெயர் தசரதன் என்பதற்காகப் பிள்ளை காட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று சட்டமா?

முப்பது வருஷமாகச் சாமியானாவும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவன் நான். ஊரில் பாதி விசேஷம் என் துணிக்குக் கீழேதான் நடக்கிறது. ஆனால் ஒருநாளும் அதற்கடியில் நான் தூங்கியதில்லை. ஏனென்றால் அதைக் கட்டியவன் யார் என்று எனக்குத் தெரியும். வேங்கிக்காலில் ஒரு காதுகுத்துக்குப் போட்ட பந்தல் பந்தி நடுவில் சரிந்து, துணிக்கடியில் இருந்தே ஒருவர் “பாயசம் இன்னும் வரலை” என்று குரல் கொடுத்தாரே, அதற்குள் மறந்துவிட்டாயா?

முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனார் சின்னசாமி கீழ்பென்னாத்தூரில் இருந்து வந்திருந்தார். காபி கொடுத்தோம், தொடவில்லை. தீபத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் புருஷனிடம் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டாயே, இதுவரை பொறுத்ததே பெரிசு என்றார். சித்திரை பௌர்ணமி முடிந்த கையோடு இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, அன்றைக்கே உன்னை சுரேஷ்குமாரோடு சென்னைக்கு அனுப்ப வேண்டுமாம். நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டாமல் என்ன செய்வது? மாப்பிள்ளை குடிப்பதில்லை, அடிப்பதில்லை. நீயும் காரணம் என்று வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அதற்குள் வந்து சேர்.

கொசுவர்த்தி வைத்திருக்கிறாயா?

கோபம் தணியாத அப்பா,
தசரதன்


யாழ்ப்பாணம்
6.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம், வயிறும் சுகம். அம்மாவை மாத்திரை போட மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முழங்காலோடு நீங்கள் பந்தல் மேல் ஏறாதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று இடத்தில் பேனா தாளைக் கிழித்திருப்பது போட்டோவிலேயே தெரிகிறது.

பைக் எடுத்துவிட்டேன். பழைய வண்டிதான், ஆனால் பிடிவாதம் இல்லாதது. பின்னால் டென்ட், சின்ன அடுப்பு, அரிசி, பருப்பு. கொசுவர்த்தியும் உண்டு. தெற்கே மன்னார் வரைக்கும் போய், பிறகு மலைப்பக்கம் ஏறி, கிழக்குக் கரையில் இறங்கி, மேலே வந்து முடிப்பதாகத் திட்டம்.

கப்பலில் எனக்குப் பக்கத்து சீட்டில் யோகராணி அக்கா என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் கருவாடு வியாபாரம். நம் ஊருக்கு வந்து கிரிவலம் முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். உங்கள் போனைக் கட் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, “ஆரம்மா போனில?” என்று கேட்டார். “அப்பா பேசினார்” என்றேன். “ஐயோ பாவம். ஏன் பேசினவர்?” என்றார். “தினமும் பேசுவாருங்க” என்றேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்து ஒரு வடையும் கொடுத்தார். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பக்கத்தில் பேசுவது என்றால் திட்டுவதாம். நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்கிறார்கள். நான் உங்களைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அப்பா. உள்ளதைத்தான் சொன்னேன்.

ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் தன் வீட்டுக்கு வந்து டென்ட் போடச் சொல்லியிருக்கிறார்.

சித்திரை பௌர்ணமி விஷயம் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
எழில்


திருவண்ணாமலை
9.3.2025

எழிலுக்கு,

அப்பா. நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எங்கள் நலம் உன் கையில் இருக்கிறது.

முன்பின் தெரியாத அம்மாளிடம் என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாய். கப்பலிலேயே ஏற்றிவிட்டாய். நம் பக்கத்தில் கதை விடுகிறான் என்றால் புளுகுகிறான் என்று அர்த்தம். ஆக, நான் பேசினால் திட்டு, கதைத்தால் பொய். உனக்கு அப்பாவாக இருக்க வேறு எந்தப் பாஷையில் வாயைத் திறக்க வேண்டும் என்று அந்த அம்மாளிடமே கேட்டு எழுதவும்.

பைக்குக்கு நாலு வரி, வடைக்கு ஒரு வரி. மாமனார் விஷயம் மட்டும் “பிறகு”. சரி.

கடை வேலைக்கு வேண்டும் என்று என் போனை அம்மா பீரோவில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள், உன்னோடு மட்டும் பேசக்கூடாதாம். மாப்பிள்ளை ஒரு நாளைக்கு நாலு தடவை எனக்குப் போன் செய்கிறார். காலையில் பல் தேய்க்கும்போது, கடையைத் திறக்கும்போது, சாப்பாட்டில் கை வைக்கும்போது, படுக்கும்போது. “எங்க இருக்கா மாமா?” ஒரே கேள்விதான். எனக்கே கண் கலங்குகிறது. கட்டின பெண்டாட்டி மேல் இவ்வளவு அக்கறை உள்ளவனை நான் பார்த்ததில்லை. நான் உன் அம்மாவை ஒருநாளாவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பேனா? பாத்திரச் சத்தம் வந்தால் இருக்கிறாள் என்று அர்த்தம்.

அவர்தான் ஒரு வசதியைச் சொன்னார். மேப்பில் ஒன்றை அமுக்கிவிட்டால் நீ போகிற இடமெல்லாம் என் போனில் ஒரு புள்ளி நகருமாம். நிறுத்தும் வரைக்கும் காட்டிக்கொண்டே இருக்குமாம். அதை உடனே போட்டுவிடு. அங்கே ரோட்டில் யானை வருகிறது என்று கேள்விப்பட்டேன். யானை வந்தால் புள்ளியை வைத்து என்ன செய்வேன் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. ஆனால் புள்ளி வேண்டும்.

பதிலோடு புள்ளியும் எதிர்பார்க்கும்,
அப்பா


திருவண்ணாமலை
20.3.2025

எழிலுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாது. ஏனென்றால் நீ எழுதவில்லை.

என் கடிதத்துக்குக் கீழே இரண்டு நீலக் கோடு விழுந்து பத்து நாளுக்கு மேலாகிறது. அப்படியென்றால் படித்துவிட்டாய் என்று அர்த்தமாம், அம்மா சொன்னாள். தபால்காரர் காலத்தில் கடிதம் போய்ச் சேரவில்லை என்றாவது நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இந்த நீலக் கோடு அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டது.

அம்மா தூங்குவதே இல்லை. ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறாள். மாசி பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் அன்னதானப் பந்தல் போட்டோம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு பெண் வண்டியில் போனாள். அவள் பின்னாலேயே நான் கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். அவள் நிறுத்தி, “இன்னா பெரியவரே?” என்றாள். சாமியானா வேண்டுமா என்று கேட்டுச் சமாளித்தேன். கார்டு கூடக் கொடுத்தேன்.

நீ திரும்பி வரவேண்டும் என்று இந்தக் கடிதத்தில் சொல்லவில்லை, கவனி. புள்ளியை மட்டும் போடு. அப்பா கெஞ்சிக் கேட்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை நீ எல்.கே.ஜி.யில் சேரமாட்டேன் என்று பள்ளிக்கூடக் கேட்டில் தொங்கியபோது.

அப்பா


மாத்தளைக்கு மேலே, மலையில்
23.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். மத்தியானமானால் மழை. காலில் அட்டை ஏறுகிறது, உப்பு வைத்தால் விழுந்துவிடுகிறது. ராத்திரி டென்ட்டுக்கு மேல் மழை பெய்தால் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம். நன்றாகத் தூங்குகிறேன். வீட்டில்கூட இப்படித் தூங்கி ரொம்ப நாளாகிவிட்டது.

எழுதாமல் இருந்ததற்குக் கோபப்படாதீர்கள். அவருடைய அக்கறையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

அம்மா தூங்கவில்லை என்பதால் புள்ளியைப் போட்டுவிட்டேன். இது உங்களுக்கு மட்டும் அப்பா.

இன்னொன்று. நான் அவரிடம் திரும்பிப் போகப் போவதில்லை. சித்திரை பௌர்ணமிக்குப் பிறகு அவர்கள் வந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

எழில்


திருவண்ணாமலை
31.3.2025

அன்பு மகளுக்கு,

உன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் பரம சுகம். அட்டை கடித்த இடத்தில் மஞ்சள் வை.

புள்ளி வந்தது. எழிலு, இது தெரியாமல் இத்தனை வருஷம் எப்படி வாழ்ந்தேன் என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் புள்ளியைப் பார்க்கிறேன். ஒருநாள் நீ கடல் நடுவில் நின்றுகொண்டிருந்தாய். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அம்மா வந்து இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள், அது பாலம். இன்னொரு நாள் புள்ளியையே பார்த்துக்கொண்டு லோடு ஏற்றச் சொன்னதில், மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போக வேண்டிய ரோஸ் கலர் ஜாலர் துணி சாவு வீட்டுக்குப் போய்விட்டது. செத்தவருடைய மகன் போன் செய்து, “அப்பாவுக்கு ரோஸ் புடிக்கும்தான், ஆனா எடம் பாத்துப் போடுங்கண்ணே” என்றான்.

கடைசியில் எழுதியிருக்கிறாயே, திரும்பிப் போகமாட்டேன் என்று, அதை மழையில் நனைந்த எரிச்சலில் எழுதியதாக எடுத்துக்கொள்கிறேன். சம்பந்தியிடம் சொல்லவில்லை. நேரில் வா, பார்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையும் இப்போது முன்பு மாதிரி போன் செய்வதில்லை. நிம்மதியாகிவிட்டார். ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை. உன் அப்பா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறான் என்று மட்டும் வைத்துக்கொள். எல்லாம் நல்லபடியாக முடியும்.

மேலே மேலே ஏறி வருகிறாய் என்று புள்ளி சொல்கிறது. கருவாட்டு அம்மாளை விசாரித்ததாகச் சொல்.

மகிழ்ச்சியுடன்,
அப்பா


முல்லைத்தீவுப் பக்கம்
8.4.2025

அப்பாவுக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று அவர் இங்கே வந்தார். யாழ்ப்பாணம் வரைக்கும் விமானத்தில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, யோகராணி அக்கா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். யாரையும் வழி கேட்கவில்லையாம். கையில் போனை வைத்துக்கொண்டு நேராக நடந்து வந்ததாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

நான் பின்னால் தென்னைக்குக் கீழே டென்ட்டில் இருந்தேன். அவர் குரல் கேட்டதும் எழுந்து நிற்க முடியவில்லை. அக்கா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“நான் எழிலோட ஹஸ்பெண்ட். அவகிட்ட பேசணும்” என்றார் இவர்.

“பேசவோ? ஏன் தம்பி, பிள்ளை என்ன பிழை செய்தவ?”

“பிழை எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. சும்மா பேசணும்.”

“சும்மா பேசுவீங்களோ? ஒரு பிழையும் செய்யாத பிள்ளையைச் சும்மா பேசவோ கடல் தாண்டி வந்தனீங்கள்?”

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. “அவ என் பொண்டாட்டிங்க. நான் பேசுவேன், எப்ப வேணா பேசுவேன்” என்று சத்தம் போட்டார். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, படலை என்று அவர்கள் சொல்லும் வேலிக் கதவை இழுத்துச் சாத்தினார். எதிர்வீட்டில் இருந்து இரண்டு பேர் எழுந்து வந்துவிட்டார்கள்.

“என்ர வளவுக்குள்ள நிண்டு ஒருத்தரும் ஒருத்தரையும் பேச ஏலாது. கதைக்கிறதெண்டால் கதையுங்கோ.”

“நான் எதுக்குங்க கதை விடணும்? நான் பேசத்தான் வந்தேன்.”

“பாருங்கோ, பேசத்தான் வந்தவராம்” என்று அக்கா எதிர்வீட்டுக்காரர்களிடம் சொன்னார்.

டென்ட்டுக்குள் உட்கார்ந்தபடி நான் சிரித்துவிட்டேன் அப்பா. அழுகையும் வந்தது. ஆனால் சிரித்த பிறகு எழுந்து நிற்க முடிந்தது. வெளியே வந்து, படலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்ன விஷயம் என்று கேட்டேன். இவ்வளவு தூரம் வந்த மனுஷர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? “ஏன் எனக்கு லொகேஷன் போடல? உங்கப்பாவுக்கு மட்டும் எப்படிப் போட்ட?”

நான் வரமாட்டேன் என்று சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். கடைசி பஸ்ஸில் போய்விட்டார்.

நான் அதை உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன். நிறுத்திவிட்டேன். இங்கிருந்தும் கிளம்புகிறேன். எங்கே என்று கேட்க வேண்டாம்.

எழில்


திருவண்ணாமலை
10.4.2025

எழிலுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதில் எழுதுகிறேன். உன் உடம்பு சரியாக இருக்கிறதா? சாப்பிடுகிறாயா?

ஆமாம், நான்தான் அனுப்பினேன். நீ புள்ளி போட்ட அன்றிலிருந்து தினமும் காலையில் அதைப் போட்டோ பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். “எனக்கு மட்டும்” என்று நீ எழுதியதைப் படித்தேன். மாப்பிள்ளை கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது, மரியாதை இல்லையே என்று நினைத்தேன். அவர் ‘தேங்க்ஸ் மாமா’ என்று பூப்படம் அனுப்புவார். நானும் ஒரு பூ அனுப்புவேன். அந்தப் பூவை நினைத்தால் என் கையை நானே சுத்தியலால் தட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் அங்கே வருவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டில் என்ன நடந்தது? இதுவரை உன்னை எல்லோரும் பேசினோம், அந்தக் கருவாட்டு அம்மாள் சொல்லும் அர்த்தத்தில்தான் பேசினோம். எழுதினால் படிக்கிறேன். பதிலுக்கு ஒன்றும் சொல்லமாட்டேன். எழுத இஷ்டம் இல்லையென்றால் விட்டுவிடு.

நீ இருக்கும் இடத்தை நான் கேட்கவில்லை.

அப்பா


24.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே படித்துவிட்டேன். நீலக் கோட்டைப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பீர்கள்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமான வாரமே என் போனில் லொகேஷன் போட்டார். புதுசில் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு பெட்ரோல் பங்கில் கூட்டமாக இருந்தால் போன் வரும். ஆபீஸில் வேறு மாடிக்குப் போனால் போன் வரும். சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டால் அன்று இரவு முழுக்க அதே கேள்வி. கத்தமாட்டார். பொறுமையாக, திரும்பத் திரும்பக் கேட்பார். சிக்னலில் நிற்கும்போதே அதற்கு என்ன காரணம் சொல்வது என்று மனசுக்குள் தயார் பண்ண ஆரம்பித்தேன். சும்மா நிற்பதற்குக்கூடக் காரணம் வேண்டும் என்று ஆகிவிட்டது.

தீபத்தன்று அம்மாவும் நானும் மலை சுற்றப் போனோம் இல்லையா? குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் கூட்டம் நகரவில்லை. அவர் போன் செய்து, ஒரே இடத்தில் யாரோடு நிற்கிறாய் என்றார். அம்மாவோடு என்றேன். வீடியோவில் காட்டச் சொன்னார். அம்மா, மாப்பிள்ளை ஆசையாகக் கேட்கிறார் என்று முகத்தைத் துடைத்து, திருநீறைச் சரிசெய்துகொண்டு, போனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சுற்று முடிவதற்குள்ளேயே, இனி அவரிடம் திரும்பிப் போகக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

இங்கே வழியில் ஒரு குளத்தைப் பார்த்தால் வண்டியை நிறுத்துகிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. இதற்காகத்தான் வந்தேன் அப்பா. விசாவையும் நீட்டித்துவிட்டேன்.

அவர்கள் வரும் நாளில் நான் அங்கே இருக்கமாட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ தெரியவில்லை.

அன்புடன்,
எழில்


திருவண்ணாமலை
14.5.2025

அன்பு மகள் எழிலுக்கு,

அம்மாவும் நானும் சுகம். முழங்கால் பழைய நிலைமையே. நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

பதிலுக்கு ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் உன் கடிதத்துக்கு இத்தனை நாள் எழுதவில்லை. சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால் வாக்குக் கொடுத்திருக்கமாட்டேன். அம்மாவிடம் குபேர லிங்கத்து விஷயத்தைப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

இன்று காலை அவர்கள் வந்தார்கள். சம்பந்தி, மாப்பிள்ளை, கூட இரண்டு பெரியவர்கள். பௌர்ணமிப் பந்தலைப் பிரித்துப்போட்டு இரண்டு நாள் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர்களைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

சம்பந்தி ஆரம்பித்தார். “உங்க பொண்ணு இப்ப எங்க இருக்கா?”

“தெரியலைங்க” என்றேன்.

“பெத்தவருக்கே தெரியலையா?”

“நான் கேக்கலைங்க.”

“இன்னாங்க இது, கேக்கலைன்றீங்க?”

“கேட்டா சொல்லிடுவா. எனக்குத் தெரிஞ்சா நான் மாப்பிள்ளைக்குச் சொல்லிடுவேன். என் வாய் அப்படிங்க. அதான் கேக்கலை.”

கூட வந்த பெரியவர் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, “நான் இன்னா மாமா தப்பு பண்ணேன்? அக்கறையிலதான கேட்டேன்?” என்றார். பாவமாகத்தான் இருந்தது எழில். அவர் அதை நிஜமாகவே நம்புகிறார். நானும் நம்பியவன்தானே.

“நாளைக்கு நாலு தபா போன் பண்ணீங்க மாப்ள” என்றேன். “எங்க இருக்கான்னு கேட்டீங்க. எப்படி இருக்கான்னு ஒரு தபா கேக்கலை. நானும் கேக்கலைன்னு வெச்சிக்கோங்க. கடுதாசில மேல ஒரு வரி எழுதுவேன், வழக்கத்துக்கு.”

“அப்ப பொண்ண அனுப்பமாட்டீங்க, அதானே?” என்று சம்பந்தி எழுந்துவிட்டார்.

“அனுப்பறதுக்கும் வாங்கி வெக்கறதுக்கும் அவ இன்னா சாமியானாவாங்க?”

இதை நான் ஒத்திகை பார்க்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகு எனக்கே பயமாகிவிட்டது. சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, “ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முடிச்சிக்கட்டும். எங்க பையன் மட்டும் எத்தினி நாளைக்கு இப்படியே காத்துக் கெடப்பான்?” என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். அம்மா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். சம்பந்தி இந்தத் தடவை குடித்தார். சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னார்.

வக்கீல் விவரம் நீ வந்த பிறகு பார்க்கலாம். நீயாக எப்போது வருகிறாயோ அப்போது.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா கதவைச் சாத்திவிட்டு, “நெஜமாவே அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

“தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். பங்குனிக் கடைசியில் இருந்தாம். தினமும் காலையில் நீ அவளுக்கு அனுப்பிவிடுகிறாயாம். இவள் பார்த்துவிட்டு அழித்துவிடுகிறாளாம். ஒரு மாதத்துக்கு மேலாக நான் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறேன், இவள் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறாள். அம்மா தூங்கவில்லை என்று நான் முன்பு உனக்கு எழுதினேனே, அது புளுகு. அப்போதும் தூங்காதவன் நான்தான்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. எந்த ஊர் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அம்மா காபி டம்ளர்களைக் கையில் அடுக்கிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். பிறகு, “எப்படி இருக்கா?” என்றேன்.

“நல்லா இருக்கா” என்றாள்.

அப்பா